இருபதாம் நாள் கருவாடு

காட்டுக்கு நடுவே ஒரு பெரிய மடு. அங்கே சுழியன் என்ற நீர்நாய் மீன்பிடித் தொழில் நடத்திவந்தது. அதனிடம் பன்னிரண்டு நீர்க்காகங்கள் வேலை பார்த்தன. காகங்கள் மூழ்கி மீன்களைக் கரைப்பக்கம் விரட்டும். சுழியன் மடக்கிப் பிடிக்கும்.

நாள் கூலி வயிறு நிறைய மீன். அதோடு ஒரு கருவாடும் உண்டு. அதைக் கையில் கொடுக்காமல், அந்தந்தக் காகத்தின் பெயரில் ஒரு பாறைப் பொந்தில் போட்டுவைக்கச் சொல்லும் சுழியன். சிறகு ஓய்ந்த காலத்தில் நாளுக்கொன்றாகச் சாப்பிடத்தான் அந்தச் சேமிப்பு. சுழியன் கொடுப்பதை வாங்கிப் பொந்தில் போட்டுக் காவல் காப்பது கல்லோடன் என்ற ஆமை.

வேலை நேரத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. காகங்கள் தினமும் கொஞ்ச நேரம் கூடுதலாக மூழ்கும். பத்தொன்பது நாள் அப்படிச் சேர்ந்த நேரத்துக்கு ஈடாக இருபதாம் நாள் ஓய்வு. அன்றும் வழக்கமான மீன் வந்துவிடும்.

சுழியனுக்கு நாணயமான முதலாளி என்று மடு முழுக்கப் பெயர். அந்தப் பெயரில் அதற்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

காகங்களில் மூத்தது பொன்னலகி. ஒரு கோடையில் அதன் சிறகுகள் விறைத்துப்போயின. வேலையை விட்டு விலகப்போவதாகச் சொன்னது. அதை வழியனுப்ப எல்லோரும் கூடினார்கள். சுழியன் தானே முன்னால் நின்று கருவாடுகளை எண்ணியது. ஆயிரத்து முந்நூற்று முப்பது.

பொன்னலகி தயங்கியது. "முதலாளி, எழுபது குறையுதே. நான் இங்கே வேலைக்கு வந்து ஆயிரத்து நானூறு நாள் ஆச்சு. என் கூட்டடியில் நாளுக்கு ஒரு கூழாங்கல் போட்டுவந்திருக்கேன்."

எழுபது கருவாடு என்றால் ஒரு கோடைச் சாப்பாடு. கூட்டம் முணுமுணுத்தது. இருபத்துநாலு கண்கள் தன்மேல் நிற்பதைப் பார்த்த சுழியனுக்கு உடம்பு சுட்டது.

"நான் கொடுத்ததெல்லாம் பொந்துக்குத்தான் போயிருக்கு. காவல் காத்தவனைக் கேளுங்க" என்றது.

"நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை" என்றது கல்லோடன்.

"அப்படியானால் உன் வளையைப் பார்த்துவிடலாம்."

சுழியனே முன்னங்கால்களால் ஆமையின் வளையைத் தோண்டியது. மண் சரிந்து கூரை விழுந்தது. உள்ளே நாலைந்து நத்தை ஓடும் காய்ந்த பாசியும்தான் இருந்தன. அத்தனை பேர் பார்க்க அவை வெயிலில் கிடந்தன. கல்லோடன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

ஓட்டுக்குள்ளிருந்தே அதன் குரல் வந்தது. "முதலாளி, ஓய்வு நாளில் நீங்க என்கிட்ட கருவாடு கொடுத்ததுண்டா?"

"இல்லை. அன்று யாரும் மூழ்கவில்லையே. மூழ்காத நாளுக்கு எதற்குக் கருவாடு?" சுழியன் சட்டென்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் தன் வார்த்தை தன் காதிலேயே விழுந்தது.

பொன்னலகி மெதுவாகப் பேசியது. "அந்த நாள் சும்மா வந்ததா முதலாளி? பத்தொன்பது நாள் பொழுது சாய்ந்தும் மூழ்கினோமே, அந்த நேரமெல்லாம் சேர்ந்துதானே அந்த ஒரு நாள்? எங்க கூலி என்பதால்தானே அன்றும் மீன் கொடுத்தீங்க? கூலி உண்டென்றால் அதோடு போகிற கருவாடும் உண்டுதானே?"

சுழியன் மனசுக்குள் கணக்குப் போட்டது. இருபதுக்கு ஒன்று. ஆயிரத்து நானூறுக்கு எழுபது. ஒன்றுகூடப் பிசகவில்லை. திருடன் யாரும் இல்லை. குறைத்தது அதுவேதான். அதுவும் பொன்னலகிக்கு மட்டுமா? பன்னிரண்டு பேருக்கும்.

யாராவது திட்டியிருந்தால் தேவலை. ஒருவரும் திட்டவில்லை. சுழியன் தலை குனிந்தது. தன் முன்னங்கால்களைப் பார்த்தது. நகங்களில் ஆமை வளையின் மண் ஒட்டியிருந்தது.

"கல்லோடா, என்னை மன்னித்துவிடு" என்றது.

"முதலில் என் வளையை மூடிக் கொடுங்க. பிறகு பேசலாம்" என்றது ஆமை.

அத்தனை பேர் முன்னிலையிலும் சுழியன் குனிந்து மண்ணை அள்ளியது. ஒரு காகம் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையை ஆட்டியது. நத்தை ஓடுகளைத் துடைத்து உள்ளே வைத்தது. முடித்ததும் எல்லோரும் கேட்கும்படி சொன்னது: "கல்லோடன் ஒன்றையும் எடுக்கவில்லை. கணக்கைத் தப்பாகப் போட்டவன் நான்."

பொன்னலகிக்கு எழுபது கருவாடு அன்றே தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுத்தது. மற்ற பதினொரு பேருக்கும் விட்டுப்போனதைப் போட்டு முடிக்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதற்காகச் சுழியன் தன் பங்கைப் பாதியாக்கிக்கொண்டு உழைத்தது.

கல்லோடன் காவலுக்குத் திரும்பி வந்தது. கொடுப்பதை வாங்கிப் போட்டது. கேட்டதற்குப் பதில் சொன்னது. ஆனால் முன்போல் சிரித்துப் பேசவில்லை. சுழியனும் ஆமையின் முகத்தைப் பார்க்கக் கூசி, ஒவ்வொரு இருபதாம் நாளும் கருவாட்டை நீட்டிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கும்.

உழைத்துச் சேர்த்த ஓய்வும் உழைப்பே என்பதால் அதற்குரிய பங்கைக் குறைக்கக் கூடாது. குறை என்று ஒருவர் சொன்னால், அடுத்தவர்மேல் பழி போடும் முன் நம் கணக்கை நாமே பார்க்க வேண்டும்.