தெய்வாத்தாள் அம்மையாரின் சிவப்புப் புளிச்சை

ஊரார் வீட்டு மாட்டுக் கொட்டகைகளில் சாணி அள்ளுவதுதான் தெய்வாத்தாள் அம்மையாரின் தொழில். கணவரை இழந்தவர், பிள்ளை இல்லாதவர். விடிந்ததும் ஒரு கூடை சாணியைச் சுமந்துகொண்டு செம்மாம்பாறை முருகன் கோயில் அடிவாரத்துக்கு வருவார். கோயிலை ஒட்டி அவருக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. கல்லும் சரளையுமான அந்த நிலத்தில் அவர் வளர்த்தது சிவப்புப் புளிச்சைக் கீரை ஒன்றைத்தான். கூடையை இறக்கியதும் கோயில் படியில் தலைவைத்து, "வந்துட்டேன் சாமி" என்பார். அதற்குமேல் அவருக்கு மந்திரம் தெரியாது.

ஆடியில் விதையை ஊறவைத்து மண்மேட்டில் ஊன்றுவார். முளைத்ததில் திடமானதை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிக் குழம்பில் போட்டுக்கொள்வார். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் செடி பக்கவாட்டில் கிளைக்கும். பொழுது குறுகும் காலத்தில் பூக்கும். பூ வாடியபின் அதன் அடிப்பகுதி தடித்துச் சிவந்து திரளும். அதைப் பறித்துக் கொதிக்கவைத்து, நாட்டுச்சர்க்கரை கலந்து, தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பார். முதல் செம்பு முருகனுக்கு. அந்த முதல் செம்பைக் கொண்டுவருபவருக்குப் பரிவட்டம் கட்டுவது அந்தக் கோயில் வழக்கம். ஒரு வருஷம் தவறினாலும் உரிமை அடுத்தவருக்குப் போய்விடும்.

வரிசையில் அடுத்தவர் மருதாசலம். அவரும் முருக பக்தர்தான், வசதிக்கும் குறைவில்லை. அவர் கால் முறிந்து கிடந்தபோது சொந்தபந்தம் எட்டிப் பார்க்கவில்லை. வேளை தவறாமல் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவர் அம்மையார்தான். அவரைத் தம்பி என்றே கூப்பிடுவார். அந்த நாட்களில் பேச்சுவாக்கில் ஒரு சங்கதியும் சொல்லிவைத்தார். "தெருவெளக்குக்கு அடியில நட்ட செடி மட்டும் பூக்கவே இல்ல தம்பி. ராத்திரியில வெளிச்சம் பட்டா அதுக்கு ஆகாது."

குணமாகி எழுந்தவர் அந்த ஐப்பசியில் கோயிலுக்கு ஒரு பெரிய மின்விளக்கை உபயம் செய்தார். சன்னதி மேலும் புளிச்சைச் செடிகள் மேலும் ஒருசேர வெளிச்சம் விழும்படி கட்டவைத்தார். விடிய விடிய எரிந்தது. கார்த்திகை பிறந்தும் செடிகள் ஆளுயரம் வளர்ந்து நின்றனவே தவிர, ஒரு மொட்டு இல்லை.

அம்மையார் கோயில் வாசலில் மருதாசலத்தைக் கண்டு கேட்டார். "தம்பி, அந்த வெளக்கக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வெக்கச் சொல்லேன்."

"சாமி வெளக்குங்கக்கா அது. சாமிக்கு வெளிச்சம் வேண்டாங்கறீங்களா?" பத்துப் பேர் காதில் விழும்படிதான் சொன்னார். ஆனால் அம்மையாரின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்போதுதான் அம்மையாருக்குப் புரிந்தது. கஞ்சி ஆறட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சு, இப்படித் தன் கழுத்துக்கே கத்தியாக வந்திருக்கிறது.

கூட்டம் சிரித்தது. "கீரை வெளயலைன்னா சாமிய இருட்டுல நிக்க வெப்பியா?" என்றாள் ஒருத்தி. அம்மையார் சாக்குப் படுதா கட்டி மறைத்துப் பார்த்தார். சாமி வெளிச்சத்தை மறைக்கிறாள் என்று அதையும் பிய்த்து எறிந்தார்கள்.

அம்மையார் படியில் தலைவைத்து அழுதார். "அவன் எனக்குச் செஞ்சத நான் பொறுத்துக்குவேன் சாமி. உன்ற பேரச் சொல்லியே செஞ்சுட்டானே. நீயும் பாத்துக்கிட்டுத்தான நிக்கற?" அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூக்காத செடிகளுக்கு வழக்கம்போலத் தண்ணீர் சுமந்தார்.

கோயில் காவல்காரருக்கு மனது கேட்கவில்லை. "ஒயர அறுத்து உட்டர்றேன். ஆருக்குந் தெரியாது" என்றார்.

"வேண்டாமுங்க. வெச்சவன் கெட்டவனா இருக்கலாம். வெளிச்சம் சாமியோடது. அதுல நான் கை வெக்க மாட்டேன்."

அன்று மாலை விளக்கு எரியவில்லை. மின்சாரக்காரர் வந்து பார்த்தார். பழுது எதுவும் தெரியவில்லை. கழற்றி மருதாசலத்தின் வீட்டில் மாட்டினால் பளிச்சென்று எரிந்தது. கோயிலுக்குக் கொண்டுவந்தால் அணைந்தது. புது விளக்கும் அப்படியே. பூசாரி கருவறையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"குடுத்தவன் ஊட்டுல எரியுது. இங்க எரிய மாட்டேங்குது. சாமிதான் வேண்டாங்கறாரு. கழட்டிக் கொண்டுபோங்க" என்றார்.

மருதாசலம் விளக்கைக் கழற்றிக் கொண்டுபோனார். கார்த்திகை முடிவதற்குள் செடிகள் மொட்டு வைத்தன. மார்கழி முழுக்கக் கிளைகள் சிவந்து கிடந்தன. தைப்பூசத்தன்று அம்மையாரின் செம்பு முதலில் சன்னதிக்குள் போனது. சாணி அள்ளிய அந்தக் கையில் பூசாரி திருநீறு கொடுத்து, தலையில் பரிவட்டம் கட்டினார்.

வரிசையில் மருதாசலமும் வந்து நின்றார். அம்மையார் அவருக்கும் ஒரு குவளை நிறைய ஊற்றிக் கொடுத்தார். ஆனால் தம்பி என்ற சொல் மட்டும் அதற்குப் பிறகு அவர் வாயில் வரவே இல்லை. அது குறையென்று நமக்குத் தோன்றவில்லை.

அடியவள் ஒருத்தியின் செடி பூக்கட்டும் என்று ஆண்டவனே இருட்டில் நின்றான். அவனை அப்படி நிற்கவைத்த தெய்வாத்தாள் அம்மையாரின் அன்புக்கு நம் வணக்கம்.