நானூற்றுப் பன்னிரண்டு கமிட்டுகள்

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தேழு, சீடனுக்கு முப்பத்தெட்டு. தாடி இருவருக்கும் இல்லை.

குருவின் பெயர் மெஹராஜ். பிறவியிலேயே பார்வை கிடையாது. கணினித் திரையில் இருக்கும் தமிழைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை அவர் நடத்திவந்தார். மதுரையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் ஐந்தாறு பேர் கூடி அந்த வேலையைச் செய்வார்கள். ஓப்பன் சோர்ஸ். அதாவது அதன் நிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், தெரிந்தவர்கள் வந்து திருத்தலாம். வருகிறவர்களிடம் மெஹராஜ் தப்பைச் சொல்வார், அது ஏன் தப்பு என்பதையும் சொல்வார். அவரிடம் மூன்று மாதம் இருந்தால் வேலை படிந்துவிடும் என்று கல்லூரிகளில் பேச்சு.

சீடனாக வந்தவன் சோலைமலை. கோர்ட் வாசலில் ஒரு டைப்பிங் கடையில் பன்னிரண்டு வருடம் வக்கீல்களுக்கு மனு அடித்துக் கொடுத்தவன். கடையை ஒரேயடியாக மூடிய பிறகு மாலைக் கல்லூரியில் எம்.சி.ஏ. சேர்ந்தான். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. முதல் நாள் அவனை வாத்தியார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அந்தக் கூச்சம் அவனுக்கு இரண்டு வருடமாகியும் போகவில்லை.

கடைசி செமஸ்டரில் ஏதாவது ஓர் ஓப்பன் சோர்ஸ் குழுவில் மூன்று மாதம் வேலை செய்து கடிதம் வாங்கி வர வேண்டும். கடிதம் இல்லையென்றால் பட்டம் இல்லை. சோலைமலை ஆறு குழுக்களுக்கு எழுதிப் போட்டான். மூன்றிலிருந்து பதிலே இல்லை. மூன்றிலிருந்து 'மன்னிக்கவும்' வந்தது. எல்லாப் படிவத்திலும் ஒரே கேள்விதான் அவனை மடக்கியது: 'உங்கள் நிரலாக்கப் பின்னணி என்ன?'

கூடப் படிக்கும் பிள்ளைகள் நிரல் போட்டுவைக்கும் இணையப் பக்கங்களைத் திறந்தால் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். நிரலில் ஒரு மாற்றம் செய்து, தேதியோடும் ஒருவரிக் குறிப்போடும் சேமித்து வைத்தால் அது ஒரு கமிட். கமிட் செய்த நாளுக்கெல்லாம் ஒரு பச்சைக் கட்டம். சோலைமலையின் பக்கம் அறுவடை முடிந்த வயலாக வெறிச்சென்று கிடந்தது.

ஏழாவது குழு மெஹராஜுடையது. அதற்கு எழுதுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். பாடப்புத்தகத்துப் பயிற்சிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய தேதியைப் போட்டு, இரண்டு வருடத்துக்கான கமிட்டுகளை உண்டாக்கும் சின்ன ப்ரோக்ராம் ஒன்றை எழுதி ஓடவிட்டான். இரண்டு நிமிடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கமிட்டுகள். பக்கம் முழுக்கப் பச்சை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் விடுமுறை விட்டிருந்தான். நிஜம்போல இருக்க வேண்டுமல்லவா!

மூன்றாம் நாள் பதில் வந்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

மாடி அறையில் நான்கு பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேருக்குப் பார்வை இல்லை. மெஹராஜ் காலடிச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

"வாங்கண்ணே. ஃபார்ம் கொண்டு வந்தீங்களா?"

"கையில இருக்கு மேடம்."

"இங்க ஒரு பழக்கம். ஃபார்மை நாங்க படிக்க மாட்டோம். எழுதினவரே எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிக்கணும். டீ குடிச்சு முடிச்சதும் வாசிங்க."

சோலைமலை தலையாட்டினான். பிறகு, தலையாட்டினால் தெரியாது என்பது உறைத்து, "சரி மேடம்" என்றான்.

"அதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் கேளுங்க."

மெஹராஜ் தன் ஹெட்போனைக் கழற்றி அவன் பக்கம் நீட்டினார். அவர் வழக்கமாகக் கேட்கும் வேகம் நமக்கெல்லாம் சோளத்தைத் தகரத்தில் கொட்டுவதுபோல இருக்கும். சோலைமலைக்காக அதை மெதுவாக வைத்திருந்தார். கணினியின் குரல், நிதானமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தது.

"எழுதிய நேரம், இரண்டாயிரத்து இருபத்து நான்கு பிப்ரவரி பன்னிரண்டு, காலை பத்து பதினான்கு. சேர்த்த நேரம், இரண்டாயிரத்து இருபத்து நான்கு மார்ச் பத்து, பிற்பகல் மூன்று நான்கு."

"எழுதிய நேரம், பிப்ரவரி பதினொன்று, மாலை ஆறு முப்பது. சேர்த்த நேரம், மார்ச் பத்து, பிற்பகல் மூன்று நான்கு."

"எழுதிய நேரம், பிப்ரவரி ஒன்பது, காலை ஏழு ஐந்து. சேர்த்த நேரம், மார்ச் பத்து, பிற்பகல் மூன்று நான்கு."

ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு தேதிகள் உண்டு. எழுதிய தேதி ஒன்று, நிரல் சேமிப்புக்குள் சேர்த்த தேதி ஒன்று. பச்சைக் கட்டங்கள் முதல் தேதியை மட்டும் பார்க்கும். சோலைமலையும் அதை மட்டும்தான் மாற்றியிருந்தான். இன்னொன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அது அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்தையே, மூன்று மணி நான்கு நிமிடத்தையே, காட்டிக்கொண்டிருந்தது. குழுவில் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. மெஹராஜ் பார்க்கவில்லை. கேட்டிருக்கிறார்.

மார்ச் பத்து, மூன்று நான்கு. மார்ச் பத்து, மூன்று நான்கு. சோலைமலைக்குக் காது மடல் சுட்டது. அந்தப் பக்கம் மற்ற மூவரும் பஜ்ஜியில் உப்பு கூடவா குறையவா என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. ஹெட்போனில் கேட்பது அவர்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும் அப்படித்தான் தோன்றியது.

"எதுவரைக்கும் கேக்கணும் மேடம்?" என்று கேட்டான்.

"நீங்க எழுதினது வர்ற வரைக்கும்."

அவன் இன்னும் ஒரு முப்பது கமிட்டுகள் கேட்டிருப்பான். அதற்கு மேல் தாங்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். எழுந்து போய்விடலாம், மாடிப்படி நாலடியில் இருந்தது. ஆனால் கடிதம் இல்லாமல் கீழே இறங்கினால் படிப்பு அதோடு முடிந்தது. வீட்டில் அவன் மகள் ஏழாம் வகுப்புப் பாடத்தை அவனுக்கு எதிரே உட்கார்ந்துதான் படிக்கிறாள். அப்பாவும் தானும் ஒரே சமயத்தில் பாஸாகப் போவதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

பேனாவை எடுத்தான். படிவத்தில் எழுதியிருந்ததை எல்லாம் கோடு போட்டு அடித்தான். கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதினான்.

"மாத்திட்டேன் மேடம்."

"வாசிங்க. எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

"பின்னணி: ஒன்றுமில்லை."

மெஹராஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதுவும் பொய்தாண்ணே."

சோலைமலைக்கு அழுகையே வந்துவிட்டது. "சத்தியமா இல்ல மேடம். புத்தகத்துல இருந்து எடுத்ததுதான் எல்லாம். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

"தேதி போடுறதுக்கு ஒரு ப்ரோக்ராம் ஓட்டுனீங்களே, அதை எந்தப் புத்தகத்துல இருந்து எடுத்தீங்க?"

அவன் பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

"நீங்க அடி வரைக்கும் கேக்கல. போடுங்க ஹெட்போனை."

மெஹராஜ் ஒரு விசையைத் தட்டி நேரே கடைசிக்கு, அதாவது எல்லாவற்றுக்கும் முதலாவதாக இருந்த கமிட்டுக்குப் போனார். அதில் ஒரு கோப்பு இருந்தது. குரல் அதை வாசிக்க ஆரம்பித்ததும் சோலைமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. டைப்பிங் கடைக் கோப்பு! அந்த ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில், பழைய கோப்பு கிடந்த ஃபோல்டரிலேயே காரியத்தை ஆரம்பித்திருக்கிறான். அதுவும் சேர்ந்து உள்ளே போயிருக்கிறது.

கடையில் ஒரு காலத்தில் மனுக்களை எல்லாம் பழைய எழுத்துருவில் அடித்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் அத்தனையும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். அதை இன்றைய தமிழ் எழுத்துக்கு மாற்ற சோலைமலை ஒன்று எழுதியிருந்தான். தெரிந்தவர்கள் இருபது வரியில் முடிப்பதை 'இப்படி இருந்தால் அப்படி மாற்று' என்று இருநூற்று நாற்பத்தேழு முறை எழுதியிருந்தான். கூடப் படிக்கும் பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் காட்டியதில்லை. ஊரை ஏமாற்றியதைவிட இந்தக் கோப்பு வெளியே தெரிந்ததுதான் அப்போது அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. மனுஷன் மனசு அப்படி.

நடுவில் அவன் தனக்காக எழுதிவைத்த குறிப்பையும் குரல் விடாமல் வாசித்தது. "இந்த இடம் ஏன் ஓடுது என்று சத்தியமாகத் தெரியவில்லை. தயவுசெய்து யாரும் தொட வேண்டாம். நானும் தொட மாட்டேன்."

மெஹராஜ் சிரித்தார். "புத்தகத்துல இருந்து எடுத்தவன் இப்படி எழுத மாட்டான்."

"மேடம், இதை எப்படி வெளிய சொல்றது? அசிங்கமா இருக்கும்."

"டீ முடிஞ்சிருச்சு" என்றார் மெஹராஜ். பிறகு சத்தமாக, "புதுசா வந்த அண்ணன் வாசிக்கப் போறாரு" என்றார்.

பேச்சு நின்றது. சோலைமலை எழுந்தான். கையிலிருந்த படிவத்தில் ஒரு பொய் அடித்துக் கிடந்தது, இன்னொரு பொய் அடிக்காமல் கிடந்தது. வாசிக்க அதில் ஒன்றும் இல்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"என் பேரு சோலைமலை. கோர்ட் வாசல்ல டைப் அடிச்சேன். ஃபார்ம்ல... நானூத்திப் பன்னெண்டு கமிட்டுன்னு எழுதியிருந்தேன். அதுல நானூத்திப் பதினொண்ணு பொய். தேதியை மாத்திப் போட்டேன். ஒண்ணு மட்டும் நான் எழுதினது. பழைய எழுத்தைப் புது எழுத்தா மாத்துறது. அதுவும் சுமாராத்தான் இருக்கும்."

ஜன்னலோரம் இருந்த ஆரோக்கியசாமி தொண்டையைச் செருமினார். ஐம்பது வயது தாண்டியவர். அரசு அலுவலகத்தில் தட்டச்சர். மென்பொருளில் எந்த மாற்றம் வந்தாலும் அவர் கேட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வெளியே விடுவார்கள்.

"தம்பி, நீங்க காட்டுறதை எங்களால பாக்க முடியாது" என்றார். "இந்த மெஷின் என்ன சொல்லுதோ அதைத்தான் நாங்க நம்பி ரோட்டுல இறங்குறோம். மாத்திரை அட்டையில என்ன எழுதியிருக்குன்னு அது சொல்றதை நம்பித்தான் வாயில போடுறோம். அதைச் செய்யுற இடத்துக்குப் பொய்யோட வந்திருக்கீங்க."

சோலைமலை அதுவரை பட்ட வெட்கமெல்லாம் தனக்காகப் பட்டது. இது வேறு மாதிரி வந்து விழுந்தது. "தப்புதாங்கய்யா" என்றான்.

ஆரோக்கியசாமி தன் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டார்.

"எங்கப்பா நிலத்து வழக்குல ஒரு தீர்ப்பு நகல் கம்ப்யூட்டர் ஃபைலா இருக்கு" என்றார் ஆரோக்கியசாமி. "இருபது வருஷமா வச்சிருக்கேன். பழைய எழுத்து. நம்ம மெஷின்ல போட்டா ஏ, பி, சின்னு உளறுது. உங்களுதுல போட்டா முழுசா படிக்குமா?"

படிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"முழுசாப் படிக்காதுங்கய்யா. முக்கால்வாசி படிக்கும். கௌசல்யான்னு பேரு வந்தா கெ, ள, சன்னு பிச்சுப் படிக்கும். அது ஏன்னு எனக்கு இன்னும் பிடிபடல."

ஆரோக்கியசாமி மெஹராஜ் இருந்த பக்கம் திரும்பினார். "இதுவரைக்கும் மூணு பேர் வந்து முழுசாப் படிக்கும்னுதான்மா சொன்னாங்க."

"ஆமா" என்றார் மெஹராஜ்.

அவர் விசைப்பலகையைச் சோலைமலை பக்கம் நகர்த்தினார். திரையில் ஒரு கோப்பு திறந்திருந்தது. அந்தக் குழுவில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அவரவர் கையால் தங்களைப் பற்றி எழுதிவைக்கும் கோப்பு. பெயர், பின்னணி, சேர்ந்த நேரம். அவ்வளவுதான்.

"இப்ப வாசிச்சதை அப்படியே அடிங்க."

"எல்லாத்தையுமா மேடம்? பொய்யையும்... நானூத்திப் பதினொண்ணையும்?"

"வாசிச்சீங்கல்ல?"

பன்னிரண்டு வருடம் மனு அடித்த விரல்கள் அன்றைக்குத் தடுமாறின. நானூற்றுப் பதினொன்று என்பதை மூன்று முறை தப்பாக அடித்துத் திருத்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான், துடைத்ததை மெஹராஜ் பார்க்க முடியாது என்பதில் ஒரு சின்ன நிம்மதி. டைப்பிங் கடைக் கோப்பைப் பற்றியும் எழுதினான். கௌசல்யாவைப் பற்றியும் எழுதினான். கடைசி வரிக்கு வந்து நின்றுவிட்டான்.

'சேர்ந்த நேரம்:' என்று இருந்தது. பக்கத்தில் காலி இடம்.

சேர்த்துக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை. சேர்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. ஒரு நிமிடம் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, சத்தத்தைக் காணோம்?"

"கடைசி வரி மேடம். இதுல என்ன போடுறது?"

"சுவத்துல ஒரு கடிகாரம் இருக்கும் பாருங்க. மணி என்ன?"

சோலைமலை நிமிர்ந்து பார்த்தான்.

"நாலு இருபது."

"அதையே போடுங்க."