மாதா படம் ஒட்டிய பெட்டி

ஒரு விடுகதை. வாயை இறுக்கிக் கட்டினால் தண்ணீர் குடிக்கும். மூக்கைத் திறந்துவிட்டால் ஒரு சொட்டும் குடிக்காது. அது என்ன?

டெல்பினா அக்கா இப்படிக் கேட்டபோது ஜெனோவா விடையை யோசிக்கவில்லை. அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையில் டிரில் இருந்தது.

மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே டெல்பினாவின் பட்டறை. படகுகளில் வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவிகளுக்குத் தண்ணீர் புகாத பெட்டி செய்து தருவாள். கோடை விடுமுறையில் அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தாள் ஏழாம் வகுப்பு ஜெனோவா.

கற்றுக்கொள்ள மட்டும் அல்ல. "அவ கைமேல ஒரு கண்ணு வச்சுக்க, பிள்ள" என்று அப்பா கஸ்பார் சொல்லி அனுப்பியிருந்தார்.

போன முறை நடுக்கடலில் அப்பாவின் கருவி செத்துப்போனது. டெல்பினா செய்து தந்த பெட்டிக்குள் தண்ணீர். மழையில் திசை தெரியாமல் படகு எல்லைக்கோட்டுப் பக்கம் போய்விட்டது. வேறொரு படகு பார்த்து இழுத்து வந்ததால் அப்பா வீடு திரும்பினார்.

அந்தப் பழைய பெட்டி இப்போது பட்டறை அலமாரியில் இருந்தது. ஜெனோவா ஆசையாக ஒட்டிக்கொடுத்த மாதா படம் அதன் மூடியில் இன்னும் பளபளத்தது.

இன்று மாலை அப்பா மறுபடி கடலுக்குப் போகிறார். அவருக்கான புதுப் பெட்டியில்தான் அக்கா துளை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓட்டை போடுறீங்க" என்றாள் ஜெனோவா.

"ஆமா."

"தண்ணி போகக்கூடாத பெட்டியில."

"ஆமா."

"அப்பதான் மறுபடி மறுபடி உங்ககிட்டயே வரும். இல்லக்கா?"

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. துளையின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தோலை ஒட்டினாள். வெங்காயத் தோல்போல் மெல்லியது.

"இது காத்த விடும். தண்ணிய விடாது."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"அதான் கேக்கேன்."

அக்கா எழுந்து தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள். பொரித்த அப்பளம் ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தாள். மேசைக்கு அடியிலிருந்து இரண்டு சின்னப் பெட்டிகளை இழுத்து வைத்தாள். ஒன்றின் மூடியில் தோல் ஒட்டிய துளை இருந்தது. மற்றதில் இல்லை.

"ஒவ்வொண்ணுலயும் பாதி போட்டு மூடு. திருகாணிய நீயே முறுக்கு. என்னை நம்பாத."

ஜெனோவா நம்பவில்லை. கை சிவக்க முறுக்கினாள்.

பெட்டிகள் தகரக் கூரைமேல் வெயிலில் கிடந்தன. தொட்டால் சுடும்வரை கிடந்தன. பிறகு அக்கா அவற்றை ஐஸ் மிதக்கும் வாளித் தண்ணீரில், மூடியின் மேல்பக்கம் மட்டும் வெளியே தெரிய அமுக்கினாள்.

"நடுப்பகல் வெயில்ல காஞ்ச பெட்டிமேல அலை அடிச்சா இப்படித்தான். சூட்டுல உப்பின காத்து சட்டுனு சுருங்கும். எங்கேயிருந்தாவது இழுத்துத்தான் ஆகணும். துளை இருந்தா அது வழியா காத்த இழுக்கும், இல்லேன்னா மூடி இடுக்கு வழியா தண்ணிய இழுக்கும்."

ஜெனோவா காது கொடுக்கவில்லை. வாளிக்குள் அக்காவின் விரல்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை.

பெட்டிகளைத் துடைத்துத் திறந்தாள். துளை போட்ட பெட்டியின் அப்பளத்தைக் கடித்தாள். நொறுங்கியது. துளை போடாத பெட்டியின் அப்பளம் நனைந்த துணிபோல் தொங்கியது.

"இந்த மூடிய முன்னாடியே கெடுத்து வச்சிருப்பீங்க."

"இருக்கலாம்."

"அப்ப நான் எப்படி நம்புறது?"

"எதுக்கு நம்புற? நல்லா இருக்கிற பெட்டிய எடு. நீயே கெடுத்துப் பாரு."

ஜெனோவா யோசித்தாள். துளையை அடைக்க வேண்டும். எதை வைத்து அடைப்பது? அக்காவின் மேசையில் இருந்த எதையும் அவள் தொடுவதாக இல்லை. தன் பையைத் துழாவினாள். கொடியேற்றத்தன்று கோயில் வாசலில் வாங்கிய மாதா படங்களில் இரண்டு மீதம் இருந்தன. பளபளக்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர்கள்.

ஒன்றை உரித்துத் துளைமேல் ஒட்டினாள். ஓரமெல்லாம் கட்டைவிரலால் நீவி அழுத்தினாள். அக்கா புது அப்பளத் துண்டு ஒன்றைக் கொடுத்தாள்.

மறுபடி வெயில். மறுபடி ஐஸ் தண்ணீர்.

ஜெனோவா மூடியைத் திறந்தாள். அப்பளம் தொங்கியது.

நனைந்த அப்பளத்தைக் கையில் வைத்தபடியே நின்றாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள்.

அப்பாவின் பழைய பெட்டியை எடுத்து, நகத்தால் மாதா படத்தின் ஓரத்தைக் கிளப்பினாள். படம் மெல்ல உரிந்து வந்தது. அடியில் ஒரு துளை. துளைக்குள் வெள்ளைத் தோல், கிழியாமல், சுத்தமாக.

அன்று அதைக் கறை என்று நினைத்திருந்தாள். அப்பாவின் பெட்டியில் அது அசிங்கமாகத் தெரியக்கூடாது என்றுதான் சரியாக அதே இடத்தில் ஒட்டினாள்.

"அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அக்கா வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எது?" என்றாள்.

வெயில் தாழ்ந்தபோது அப்பா வந்தார். மகளை ஓரமாக அழைத்துக் குரலைத் தணித்தார்.

"என்ன பிள்ள, கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன்."

"இவதானே?"

"இல்லப்பா."

அவர் அக்காவை ஒரு முறை பார்த்தார். கருவி பொருத்திய புதுப் பெட்டியைத் தூக்கித் திருப்பினார். அவர் விரல் துளைமேல் நின்றது.

"இது என்ன ஓட்டை?"

பதிலுக்குக் காத்திராமல் கடலைப் பார்த்தார்.

"சரி, நேரமாச்சு. நம்ம மாதாவ அதுமேல ஒட்டு. ஓட்டையும் மறைஞ்சிரும், அவங்களும் கூட வருவாங்க."

ஜெனோவா பையிலிருந்து கடைசிப் படத்தை எடுத்தாள். அப்பா பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அக்கா டிரில்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜெனோவா படத்தை மூடியின் மறு மூலையில் ஒட்டினாள்.