நாலாவது நிமிடம்

“குருவே, பட்டனை அமுக்க முடியலீங்க. கை நடுங்குது.”

சொன்னவர் பழனியப்பன். வயது ஐம்பத்து நாலு. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் பிரேக் இல்லாத லாரியில், அதுவும் பின்பக்கமாகவே, இறங்கி வந்தவர். பாதி வழியில் ஏறிக்கொண்ட சிறுத்தை பயந்துபோய்க் குதித்து ஓடியதாகக் கேள்வி.

அப்பேர்ப்பட்டவர் இப்போது ஒரு மவுசைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். மேஜைமேல் இருந்த டீயில் சர்க்கரை தானாகவே கலந்துவிட்டது.

குரு நர்மதாவுக்கு வயது இருபத்து மூன்று. நாமக்கல் ஜில்லாவில் அவளிடம் தோற்காதவன் என்றால், அவன் இன்னும் ஆடத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

லாரிப் பட்டறைக்கு மேல்மாடியில், எட்டுக் கணினிகள் வைத்து அவள் நடத்தும் இடத்தை ஊரார் மடம் என்பார்கள். உள்ளே போனவன் பேச மாட்டான். வெளியே வந்தவன் சாப்பிட மாட்டான்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஓர் ஊர். ஊர் மண்டபத்தில் குடியானவர்களைப் பெருக்கி, விறகும் தானியமும் சேர்த்து, படை திரட்டி, எதிரியின் ஊரை இடிக்க வேண்டும். உன் முறை, என் முறை என்று கிடையாது. நீ மூக்கைச் சொறியும் நேரத்தில் அவன் கோட்டை கட்டிவிடுவான்.

மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்த நாற்பதாம் நாள், இணையத்தில் முகம் தெரியாத ஒருவனோடு ஆட வேண்டும். ஜெயிக்க வேண்டாம். பன்னிரண்டு நிமிடம் ஊர் நின்றால் போதும். பொழுது சாய்வதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆடலாம். நிற்கவே இல்லையென்றால், நாற்காலி வேறொருவருக்கு.

இன்று நாற்பதாம் நாள். மணி நாலு. பழனியப்பன் ஒரு தடவைகூட ஆடவில்லை.

முழங்கால் போய் லாரியை விட்ட பிறகு, அவருக்கென்று இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

“இத்தனை நாளா என்னங்கய்யா பழகுனீங்க?”

“கம்ப்யூட்டரோட ஆடுனனுங்க. முந்நூறு ஆட்டம். முந்நூறும் ஜெயம்.”

“எந்தக் கம்ப்யூட்டரோட?”

அவர் குரல் இறங்கியது. “குழந்தைங்களுக்குன்னு ஒண்ணு போட்டிருக்குதில்லீங்க, அதோட.”

“அப்புறம்?”

“பெரிய ஆட்டக்காரங்க வீடியோவெல்லாம் பார்த்தனுங்க. நாப்பது தந்திரம் மனப்பாடம். சொல்லட்டுங்களா?”

குரு எட்டி அவர் மவுசைத் தட்டினாள். பட்டன் அமுங்கிவிட்டது.

“ஐயோ அம்மிணி!”

ஆட்டம் தொடங்கிவிட்டது.

எதிரி சிவப்பு. அவ்வளவுதான் தெரியும். பழனியப்பனின் ஊரைத் தாண்டினால் எங்கும் இருட்டு. அந்த இருட்டுக்குள் எங்கேயோ அவன் இருந்தான்.

அவர் ஒரு குதிரைக்காரனை இருட்டுக்குள் அனுப்பினார். அவர் கண்ணும் அவன் பின்னாலேயே போனது. மரம் அசைந்தால் அவனை நிறுத்தினார். மான் ஓடினால் பின்னுக்கு இழுத்தார்.

பதினோராவது நிமிடம் சங்கு முழங்கியது.

இருட்டைக் கிழித்துக்கொண்டு அறுபது சிவப்புக் குதிரைகள் வந்தன. அவரிடம் இருந்தது நாலே நாலு ஈட்டிக்காரர்கள். அதில் ஒருவன் வேலிக்கு வெளியே வழி தெரியாமல் நின்றான்.

பன்னிரண்டு ஆகும் முன்பே எல்லாம் முடிந்தது.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. “பார்த்தீங்களா குருவே? அறுபது குதிரை! மனுசனா அவன்?”

குரு நடந்த ஆட்டத்தைத் திரும்ப ஓட்டினாள். குதிரைகளைக் காட்டவில்லை. நாலாவது நிமிடத்தில் நிறுத்தி, அவருடைய ஊர் மண்டபத்தைக் காட்டினாள்.

மண்டபத்து வாசலில் மூன்று குடியானவர்கள் கோடாலியோடு நின்றுகொண்டிருந்தார்கள். களஞ்சியத்தில் தானியம் வழிந்தது.

“ஏன் சும்மா நிக்கிறானுங்க?”

“நீங்க வேலை சொல்லலை.”

“புதுசா ஆளே பொறக்கலையே?”

“நீங்க ஆள் கேக்கலை.”

“நான் எங்க போயிருந்தேன்?”

குரு திரையை நகர்த்தினாள். காட்டோரம். குதிரைக்காரன் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

ஐந்தாவது நிமிடம். மண்டபம் அப்படியே இருந்தது. ஆறு. ஏழு. அந்த மூவரும் அப்படியே நின்றார்கள்.

பழனியப்பனுக்கு நாக்கு வறண்டது. அறுபது குதிரைகளைப் பார்த்தபோதுகூட இப்படி வறளவில்லை.

“சிவப்புக்காரன் பதினொண்ணுலதானுங்களே வந்தான்?”

“ஆமாங்க.”

“அப்ப நாலுல என்னைக் கொன்னது யாருங்க?”

குரு ஜன்னலைப் பார்த்தாள். வெயில் பட்டறைக் கூரைமேல் இறங்கிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவை ஆடுங்க. இந்தத் தடவை, அவன் வர்ற வரைக்குமாவது உசுரோட இருங்க.”

“நாப்பதுல எந்தத் தந்திரத்தைப் போடட்டுங்க?”

“மண்டபத்துல ஆள் பொறந்தா மணி அடிக்கும். அதைக் கேளுங்க.”

“அவ்வளவுதானுங்களா?”

குரு மவுசை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பட்டனை அவரே அமுக்கினார். கை நடுங்கியபடியேதான் இருந்தது.

இருட்டு அதே இருட்டு. உள்ளே வேறொரு சிவப்பு. மணி அடித்தது. ஒருவனை விறகுக்கு அனுப்பினார். மணி அடித்தது. ஒருவனை வயலுக்கு அனுப்பினார். கண் இருட்டுப் பக்கம் போனது. மணி அடித்தது. கண் திரும்பி வந்தது.

சங்கு முழங்கியது.

திரையின் மூலையில் பதின்மூன்றாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

“வந்துட்டானுங்க,” என்றார்.

“பயமா இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க குருவே. சித்த உக்காரச் சொல்லுங்க. இங்க ஒருத்தன் பொறந்திருக்கான், வேலை குடுத்துட்டு வர்றேன்.”