மடியில் ஒரு தொட்டாற்சுருங்கி

மலைமேல் இருந்த அந்த மடத்துக்குத் தலைமை செந்தாமரை அம்மா. நாற்பது வயதுதான். சீடர் கூத்தபிரானுக்கோ ஐம்பத்தாறு. தலை நரைத்ததே தவிர மனசு கெட்டிப்படவே இல்லை, பாவம்.

குருபூசையன்று நூறு பாட்டை மனப்பாடமாகச் சொல்ல வேண்டியவர், பதினேழாவது பாட்டில் தடுமாறினார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் தோளில் பையோடு அம்மா முன்னால் வந்து நின்றார்.

"நான் வீட்டுக்குப் போறேம்மா. இனிமே வர மாட்டேன்."

"என்ன ஆச்சு?"

"எல்லாரும் என்னைத் தொட்டாற்சுருங்கிங்கறாங்க. கடை வெச்சேன், முதல் வாரம் ஆள் வரலைன்னதும் மூடிட்டேன். தறி கத்துக்கப் போனேன், நாலு இழை அறுந்ததும் எழுந்து வந்துட்டேன். இங்கயும் அதே கதை. அந்தப் பேருக்கு என்னதாம்மா அர்த்தம்? நான் பிறந்ததே அப்படித்தானா?"

அம்மா எழுந்தார். கிணற்றடிக்குப் போய், தகர டப்பாவில் வளர்ந்திருந்த ஒரு செடியைக் கொண்டுவந்தார். அதுவும் தொட்டாற்சுருங்கிதான்.

"போறதுன்னா போங்க ஐயா. அடிவாரத்துல என் தங்கச்சி வீட்ல இதைக் குடுத்துடுங்க. மடியிலயே வெச்சுக்கணும். கண்ணை எடுக்கக் கூடாது."

ஜீப் கிளம்பியது. மலைப்பாதை முழுக்கக் குண்டும் குழியும். முதல் குலுக்கலிலேயே இலைகள் அத்தனையும் பொசுக்கென்று மூடிக்கொண்டன.

"நீயும் நம்ம ஆளுதானா?" என்றார் கூத்தபிரான். அழுகை அழுகையாக வந்தது. ஆனாலும் அம்மா சொன்ன சொல்லுக்காகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஏழாவது வளைவில் ஒரு இலை மெல்ல அசைந்தது. பிரிந்தது. பிறகு அதற்குப் பக்கத்து இலை.

"தம்பி, வண்டி நிக்குதா?" என்று டிரைவரைக் கேட்டார்.

"நல்லா கேட்டீங்க போங்க! இடுப்பெலும்பு கழண்டுடும் போல ஆடுது, நிக்குதாங்கறீங்களே!"

கூத்தபிரான் செடியின் மேல் குனிந்தார். மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. ஜீப் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மடியில் செடி முழுசாக விரிந்திருந்தது.

"தம்பி, வண்டியைத் திருப்புப்பா."

"செடியைக் குடுக்க வேண்டாமா?"

"திருப்புப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

மடத்து வாசலிலேயே அம்மா நின்றிருந்தார். கூத்தபிரான் இறங்கி ஓடிவந்தார்.

"அம்மா! பாதை மாறலை. ஆட்டம் நிக்கலை. அது பாட்டுக்கு விரிஞ்சிடுச்சும்மா! ஐயோ, இத்தனை வருஷமாப் பார்க்கிற செடி, எனக்குத் தெரியலையே! பின்னே ஏன் இதுக்கு இப்படி ஒரு பேரு?"

அம்மா அவர் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"தொட்டாங்க, சுருங்கிச்சு. பேரை வெச்சிட்டு எழுந்து போயிட்டாங்க. ஏழு வளைவு அதுகூட உட்கார்ந்திருந்தது நீங்கதான் ஐயா."