கொம்பையா பூட்டிய பியானோ

மஞ்சக்கொம்பைக் காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் பியானோ வந்தது.

மலை உச்சியில் மனிதர்கள் விட்டுப் போன பங்களாவில் அது சும்மா கிடந்தது. பாட்டு டீச்சர் தேனம்மைதான் புலி ராஜாவிடம் நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி அதைக் கேட்டு வாங்கினாள். தேனம்மை ஒரு கரடி. தேனடையைப் பார்த்தால்கூட நிதானமாக இருப்பாள். பாட்டு என்றால் மட்டும் நிதானம் பறந்துவிடும்.

ராஜா சும்மா கொடுத்துவிடவில்லை. "தை பிறந்ததும் நானே வந்து பார்ப்பேன்! பிள்ளைங்க எல்லாரும் வாசிக்கணும். இல்லேன்னா பியானோப் பெட்டி மேலக்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடும். உங்க அட்டவணையில பாட்டு வகுப்பே இருக்காது!" என்றார்.

"அதுக்கு அவசியமே வராது மகாராஜா!" என்றாள் தேனம்மை. வாய் நிறையச் சொல்லிவிட்டாள். பாவம், தலைமையாசிரியரை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தலைமையாசிரியர் கொம்பையா ஒரு காட்டெருமை. நல்லவர்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் உடைந்துவிடுமோ, தேய்ந்துவிடுமோ என்று பதறுகிற ஆள். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, "நம்ம கரும்பலகை எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க!" என்று பெருமைப்படுவார்.

யானைகள் பியானோவைத் தூக்கி வந்து இறக்கிய அன்று சரஸ்வதி பூஜை. கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பியானோவுக்குச் சந்தனம் பூசினார். குங்குமம் வைத்தார். செவ்வந்தி மாலை போட்டு, இரண்டு பக்கமும் கரும்பு சாத்தி, முன்னால் தேங்காய் உடைத்தார். பிறகு மேலே பட்டுத் துணியைப் போர்த்தி, அறையைப் பூட்டி, சாவியைத் தன் கொம்பிலேயே மாட்டிக்கொண்டார்.

மறுநாள் தேனம்மை ஆசை ஆசையாகப் போய் நின்றாள். "ஐயா, சாவி குடுங்க. நேத்துக் கும்பிட்டதை இன்னைக்கு எடுத்துப் படிக்கணுங்கிறதுதானே வழக்கம்?"

"படிக்கலாம், படிக்கலாம். முதல்ல இந்தப் பிள்ளைங்க காலைக் கழுவிட்டு வரப் பழகட்டும்! கண்ட கண்ட குளம்பும் நகமும் பட்டா பெட்டி என்னத்துக்கு ஆகும்?"

"அப்போ ராஜா வரும்போது என்ன செய்யறது?"

"அதுக்குத்தான் குயில் இருக்கே! அவளுக்குக் குரல் இருக்கு, ஞானம் இருக்கு. அன்னைக்குத் திறந்துவிட்டா, அவ வந்து நாலு கட்டையைத் தட்டிட்டுப் போறா."

"மத்த பிள்ளைங்க?"

"கை தட்டட்டும்!" என்றார் கொம்பையா.

தேனம்மை மனசைத் தேற்றிக்கொண்டாள். பெட்டி இல்லாவிட்டால் என்ன, பாட்டு வகுப்பு இருக்கிறதே, வாயாலேயே சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். அதிலும் மண் விழுந்தது.

கணக்கு வாத்தியார் வெள்ளைச்சாமி வகுப்பு வாசலில் வந்து ஒற்றைக் காலில் நின்றார். அவர் ஒரு கொக்கு. "டீச்சரம்மா, இன்னைக்கு மட்டும் உங்க பீரியடைக் குடுங்க. பின்னம் முடியல!"

கொடுத்தாள். மறுநாளும் வந்தார். "இன்னைக்கு மட்டும்!" அதற்கு மறுநாளும் வந்தார். வெள்ளைச்சாமிக்கு எல்லா நாளும் 'இன்னைக்கு மட்டும்'தான்! பின்னம் முடிந்தால் சதவீதம், சதவீதம் முடிந்தால் பரீட்சை. பாட்டு வகுப்பு என்பது அட்டவணையில் எழுதிய எழுத்தாக மட்டும் மிஞ்சியது.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. ராஜா வரும் நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. ஒரு பிள்ளைகூட இன்னும் ஒரு கட்டையைத் தொடவில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம். தேனம்மை ஆற்றோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே பெரிய தட்டைப் பாறை ஒன்று மழையில் கழுவி விட்டதுபோல் கிடந்தது. அதையே உற்றுப் பார்த்தாள். சட்டென்று எழுந்தாள்.

கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தாள். பாறைமேல் வரிசையாக ஏழு வெள்ளைக் கட்டை போட்டாள். அடுப்புக்கரியால் நடுநடுவே கறுப்புக் கட்டை வரைந்தாள். "வாங்க கண்ணுகளா!" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

பிள்ளைகள் ஓடி வந்தன. முதலில் பாய்ந்து ஏறியது காட்டெருமைக் கன்று. அது யார் என்கிறீர்கள்? சாட்சாத் கொம்பையாவின் மகன்! கட்டைமேல் ஏறித் தொம் தொம்மென்று குதித்தது.

"டீச்சர், இது சத்தமே போடல!"

"பாறை எங்கேயாவது பாடுமா? உனக்குத்தான் வாய் இருக்கே. நீ பாடு!"

தேனம்மை ஒவ்வொருவரையும் கத்தச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டாள். மயில் குஞ்சு மட்டும் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. "நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் காதைப் பொத்திக்கிறாங்க டீச்சர்."

"நான் பொத்த மாட்டேன். நீட்டிக் கத்து!"

மயில் குஞ்சு கண்ணை மூடிக்கொண்டு கத்தியது. "அடி என் தங்கமே! அதுதான் 'ச'. விட்டுடாதே, கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்று தேனம்மை குதித்தாள். அன்றிலிருந்து முதல் கட்டை மயிலுடையது.

கன்றுக்கு 'ரி' கிடைத்தது. வரையாட்டுக் குட்டி 'க' என்றது. சின்னத் தவளைக்கு 'ம'. குயிலுக்கு 'ப'. பங்களாப் பக்கம் மேய்கிற மட்டக்குதிரைக் குட்டி 'த'வைப் பிடித்துக்கொண்டது. யானைக்குட்டி தும்பிக்கையைத் தூக்கி 'நி' என்று பிளிறியது. காக்கைக் குஞ்சுகள், "கறுப்புக் கட்டையெல்லாம் எங்க சொந்தக்காரங்க!" என்று தாமாகவே போய் உட்கார்ந்துகொண்டன.

விஷயம் இதுதான். தேனம்மை கையில் ஒரு நீளக் கழி இருக்கும். எந்தக் கட்டையைத் தொடுகிறாளோ, அந்தக் கட்டைக்காரர் பாட வேண்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, இல்லையா? செய்து பாருங்கள்! கன்று எப்போதும் முந்திக்கொள்ளும். ஆட்டுக்குட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு கோட்டை விடும். குயிலோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

"எனக்கு முழுப் பாட்டும் தெரியும் டீச்சர். எனக்குப் போய் ஒரே ஒரு எழுத்தா?"

"முழுசையும் நீயே பாடிட்டா, இவங்கல்லாம் எங்கே போவாங்க?" என்றாள் தேனம்மை.

மறுநாள் குயில் எல்லோருக்கும் முன்னால் வந்து தன் கட்டையில் நின்றது.

அங்கேயும் ஒரு தொல்லை இருந்தது. வெள்ளைச்சாமி அந்த ஆற்றில்தான் மத்தியானம் மீன் பிடிப்பார். "உங்க கச்சேரியில மீனெல்லாம் ஓடுது டீச்சரம்மா!" என்று தினமும் சலித்துக்கொள்வார். ஆனாலும் வேறு இடத்துக்குப் போகமாட்டார்.

ஒருநாள் தேனம்மை கவனித்தாள். பிள்ளைகள் பாடப் பாட, வெள்ளைச்சாமியின் கால் தண்ணீரில் ஏறி ஏறி இறங்கியது.

"வாத்தியாரே, தாளம் போடறீங்களா?"

"சேறு ஒட்டியிருக்கு. உதறுறேன்!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார் அவர்.

தை பிறந்தது. ராஜா வந்துவிட்டார். கொம்பையா புதுத் துண்டு போட்டுக்கொண்டு, குயிலை முன்னால் நிறுத்தி, சாவியை எடுத்து அறையைத் திறந்தார். பட்டுத் துணியைப் பயபக்தியோடு விலக்கினார். மூடியைத் தூக்கினார்.

உள்ளிருந்து பொலபொலவென்று மண் கொட்டியது.

அழுகிய மாலை, காயாத தேங்காய்த் தண்ணீர், கரும்புச் சக்கை, காற்றே புகாத இருட்டு. கறையானுக்கு வேறென்ன வேண்டும்? அது மழைக்காலம் முழுக்க உள்ளே விருந்து சாப்பிட்டிருந்தது. குயில் பயந்து பயந்து ஒரு கட்டையைக் கொத்தியது. 'டொக்' என்றது. இன்னொன்றைக் கொத்தியது. அதுவும் 'டொக்'.

"இதைத்தான் பிள்ளைங்க எல்லாரும் வாசிக்கிறாங்களா?" புலியின் குரலில் கூரை அதிர்ந்தது.

கொம்பையா புதுத் துண்டைக் கசக்கினார். "கண்ணுல வச்சுக் காப்பாத்தினேன் மகாராஜா... யாரையும் தொடக்கூட விடல..."

"அதான் தெரியுதே! நாளைக்கே பெட்டி மேலக்காட்டுக்குப் போகட்டும். பாட்டு வகுப்பை அடிச்சுடுங்க!"

விட்டால் இனி வாய்ப்பே இல்லை. தேனம்மை குறுக்கே வந்து நின்றாள். "மகாராஜா! பெட்டிதான் ஊமையாயிடுச்சு. எங்க பிள்ளைங்க ஊமை இல்ல. ஆத்தங்கரை வரைக்கும் ஒரு நடை வாங்க!"

ராஜா மீசையை முறுக்கியபடி நடந்தார். பிள்ளைகள் ஓடிப்போய் அவரவர் கட்டையில் நின்றன. தேனம்மை கழியை எடுத்தாள். ஒவ்வொரு கட்டையாகத் தொட்டாள்.

ச... ரி... க...

நான்காவது கட்டையைத் தொட்டாள். சத்தமே வரவில்லை. புலியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் சின்னத் தவளை தண்ணீருக்குள் குதித்துவிட்டது! பாட்டு, பல் விழுந்த வாய்போல் பொக்கென்று நின்றது.

ராஜாவின் புருவம் ஏறியது. கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார். தேனம்மை கழியைத் திரும்ப முதல் கட்டைக்குக் கொண்டுபோனாள். வேறு வழி?

ச... ரி... க...

"ம!"

கணீரென்று ஒரு குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கால் தண்ணீரில், ஒற்றைக் காலில், கழுத்தை நீட்டி நின்றார் கணக்கு வாத்தியார் வெள்ளைச்சாமி! தினமும் கேட்டுக் கேட்டு, அவருக்கே தெரியாமல் அந்தப் பாட்டு அவருக்குள் குடியேறியிருந்தது.

தேனம்மை சிரித்துவிட்டாள். கழி துள்ளியது. குயில் தன் முறை வரும்வரை பொறுத்திருந்து 'ப' என்றது. குதிரையும் யானையும் வந்து சேர்ந்தன. பாட்டு மேலே ஏறியது, கீழே இறங்கியது, ஓடியது, நின்று மூச்சு வாங்கியது. யாருக்கும் ஓர் எழுத்துக்கு மேல் இல்லை. ஆனால் முழுப் பாட்டும் இருந்தது. நடுவில் தவளையும் மெல்ல எட்டிப் பார்த்து, வாத்தியாரோடு சேர்ந்து 'ம' சொன்னது.

கொம்பையா தன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு நொடி வாய் மூடாத பிள்ளை, தன் 'ரி' வருவதற்காகக் காதைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான். அவருக்கு அழுகை வந்தது. எல்லோருக்கும் முன்னாலேயே அழுதார்.

பாட்டு முடிந்தது. "இதுல யாருப்பா நல்லாப் பாடினது?" என்றார் ராஜா.

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. குயில்தான் சொன்னது: "தனியா யாரும் பாடவே இல்லையே மகாராஜா!"

ராஜாவின் வால் அசைந்தது. "பெட்டி இங்கேயே இருக்கட்டும். பாட்டு வகுப்பும் இருக்கட்டும். ஆமா, அந்தக் கறுப்புக் கட்டைக்காரங்க ஏன் சும்மா இருக்காங்க?"

"நாங்க அடுத்த பாட்டுல வர்றோம் மகாராஜா!" என்று கரைந்தன காக்கைக் குஞ்சுகள்.

மரங்கொத்தி வந்து பியானோவுக்குள்ளே கம்பியைத் தட்டுகிற மரச் சுத்திகளைப் புதிதாகச் செதுக்கிக் கொடுத்தது. அது இப்போது பலாமரத்துப் பந்தலில், போர்வையும் பூட்டும் இல்லாமல் வெயிலும் காற்றும் பட நிற்கிறது. பிள்ளைகள் சேற்றுக் காலோடு வந்து தட்டும்போதெல்லாம் கொம்பையாவுக்கு உடம்பு கூசத்தான் செய்கிறது. ஆனால் துண்டால் கட்டைகளைத் துடைத்துவிட்டு, "அடுத்து யாரு? வா, வா!" என்று அவரே கூப்பிடுகிறார். பாட்டு பீரியடில் வெள்ளைச்சாமி இன்னமும் வாசலில் வந்து நிற்கிறார். கடன் கேட்க அல்ல, தன் 'ம'வுக்காக!

பூட்டி வைத்துக் கும்பிடுகிற கலை கறையானுக்குத்தான் போகும். எல்லோரும் தொட்டுப் பழகுகிற கலையே வாழும்.