ஓட்டி வந்து காட்டவும்

ஓடாத வண்டி ஓடவில்லை என்று காட்ட, அதை எங்கே ஓட்டிப் போக வேண்டும், சொல்லுங்கள்? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு!

வெள்ளம் அப்பாவையும் வேனையும் அடித்துப் போனபின், பன்னிரண்டு வயதுப் பொற்கொடி அம்மாவோடு அங்கே மனுக் கொடுத்தாள். வேன் ஓடவில்லை என்று முத்திரை விழாவிட்டால், ஏறிக்கொண்டே போகும் வேன் வரிக்காக வீடு ஏலம் போகும்.

"வண்டியைக் கொண்டாந்து காட்டு. பாக்காம குத்த மாட்டேன்," என்றார் ஆய்வாளர்.

"அதையே எழுதிக் குடுங்க சார்," என்றாள் பொற்கொடி.

எழுதினார். பொற்கொடி வரிசைக்கே கேட்கும்படி படித்தாள்: "வாகனத்தை ஓட்டி வந்து, அது ஓடாத நிலையில் உள்ளதைக் காட்டவும்."

சிரிப்பு கேட்டு வெளியே வந்த மேலதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். ஆய்வாளர் மனுவை இழுத்து முத்திரை குத்தினார்.

"நம்பர் பலகை கிடைச்சிருந்தா ஒப்படைக்கலாம். இல்லன்னா நீயே வச்சுக்கலாம்மா," என்றார் மேலதிகாரி.

வேனில் கரை ஒதுங்கியது அது மட்டும்தான். பொற்கொடி அதைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.